பெயிலானதற்குச் சாட்சி உண்டா?

கிளியனூர் இ-சேவை மையத்துக்குள் அந்த ஆள் ஹெல்மெட்டோடு நுழைந்தார். நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் கழற்றவில்லை.

கம்ப்யூட்டர் முன்னால் இருந்த ஹசீனாவின் கை, மேஜை டிராயரின் சாவியைச் சத்தமில்லாமல் திருகி எடுத்தது.

"அங்கிள், ஹெல்மெட்ட கழட்டிட்டு உக்காருங்க. வேர்த்து ஊத்துது பாருங்க."

"பரவால்லம்மா. தலைவலி."

ஹெல்மெட்டுக்குள் இருந்தவர் கலியமூர்த்தி. மரக்காணத்தில் உப்பளம் வைத்திருப்பவர். பக்கத்தில் அவருடைய ஒரே மகள் சங்கீதா. அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்து, கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியவள். இன்ஜினீயரிங் கவுன்சலிங்குக்குப் பெயர் கொடுத்திருக்கிறாள். மரக்காணத்திலேயே இ-சேவை மையம் இருக்கும்போது இவ்வளவு தூரம் எதற்கு என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள். "அங்க நெட் ஸ்லோ" என்று ஹெல்மெட் பதில் சொன்னது.

"என்னா சர்டிபிகேட் வேணும்?" என்றாள் ஹசீனா.

கலியமூர்த்தி திரும்பி வாசலைப் பார்த்தார். தெரிந்த முகம் எதுவும் இல்லை.

"முதல் பட்டதாரி."

சங்கீதா சிரித்துவிட்டாள். "அப்பா, அது நமக்குக் கிடைக்காதுப்பா. குடும்பத்துல இதுவரைக்கும் யாருமே டிகிரி முடிக்காம இருந்தாத்தான் கொடுப்பாங்க. அவங்களுக்குத்தான் காலேஜ் பீஸ கவர்மென்ட்டே கட்டும்." பிறகு ஹசீனாவிடம் பெருமையோடு சொன்னாள். "எங்க அப்பா பி.ஏ. ஹிஸ்டரிக்கா."

"அப்போ வேஸ்ட்டு. ரிஜெக்ட் ஆயிடும்."

கலியமூர்த்தி ஹெல்மெட் கண்ணாடியைக் கீழே இறக்கிவிட்டுக்கொண்டார். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அப்பா படிப்புங்கிற எடத்துல பன்னெண்டாவதுன்னு போடும்மா."

"அப்பா!"

"போடும்மா. அதான் நெஜம்."

ஹசீனா தட்டச்சு செய்தாள். சங்கீதா அந்தக் கறுப்புக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் அவள் முகம்தான் தெரிந்தது.

* * *

விஷயம் ரொம்பச் சின்னது. முப்பது வருஷத்துக்கு முன்னால் கலியமூர்த்தி திண்டிவனம் பக்கம் ஒரு கல்லூரியில் பி.ஏ. வரலாறு சேர்ந்தார். இரண்டாம் வருஷத்தின் நடுவில் ஆறு பேப்பர் அரியரோடு வெளியே வந்தார். வந்தவர் டி.சி. கூட வாங்கவில்லை.

அப்புறம் கல்யாணப் பேச்சு வந்தது. தரகர் பேனாவும் கையுமாக உட்கார்ந்து, "மாப்பிள்ளை என்னா படிப்பு?" என்று கேட்டார். "பி.ஏ..." என்று ஆரம்பித்தார் கலியமூர்த்தி. படித்தேன், முடிக்கவில்லை என்கிற மிச்சத்தைச் சொல்ல ஒரு நிமிஷம் தாமதித்தார். அந்த ஒரு நிமிஷத்தில் தரகர் எழுதி முடித்துவிட்டார். பத்திரிகையில் அச்சாகி வந்ததும் கலியமூர்த்தி அதை நாலு தடவை படித்துப் பார்த்தார். பெயருக்குப் பின்னால் அந்த இரண்டு எழுத்தும் பிறந்ததிலிருந்தே இருப்பது போல உட்கார்ந்திருந்தன. அடிக்க மனசு வரவில்லை.

இரும்பை கிராமத்திலிருந்து வாழ வந்த பாக்கியலட்சுமிக்குப் புருஷன் பி.ஏ. என்பதில் அவ்வளவு பெருமை. படித்த மனுஷன் என்று அவருக்குத் தனி டம்ளர், தனி டர்க்கி டவல். படித்த மனுஷன் மூட்டை தூக்கலாமா, கடைக்குப் போகலாமா, குழந்தைக்குக் கால் கழுவலாமா? எதையும் செய்யாமல் இருப்பதற்கு இவ்வளவு வசதியான பட்டம் வேறெந்தப் பல்கலைக்கழகத்திலும் கிடைக்காது.

திரும்பி வரும் வழியில், பைக்கின் பின்னாலிருந்து சங்கீதா கேட்டாள்.

"நான் பத்தாவதுல சோஷியல்ல தொண்ணூறு வாங்கினப்போ, 'ஹிஸ்டரி படிச்சவன் பொண்ணா நீ? நூறு எங்க?'ன்னு கேட்டீங்களேப்பா?"

"அது அப்பாவுக்கு ஹிஸ்டரி மேல இருந்த ஆசைம்மா."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

பைக் ஒரு தடவை ஆடிவிட்டு நேரானது.

"அம்மாவுக்கு மட்டும் தெரியவே கூடாது. சர்டிபிகேட் வந்துச்சா, அப்லோடு பண்ணமா, சீட்டு வாங்கினமான்னு சைலன்ட்டா முடிச்சிரலாம்."

வெள்ளிக்கிழமை சாயந்திரத்துக்குள் சான்றிதழை ஏற்ற வேண்டும். இன்றைக்குத் திங்கள். மே மாதம் அடித்த மழையில் பாத்தியில் விளைந்து நின்ற உப்பெல்லாம் கரைந்து போன வருஷம் இது. அரசாங்கம் பீஸ் கட்டினால் சங்கீதா இன்ஜினீயரிங். கட்டாவிட்டால் வீட்டில் உட்கார்ந்தபடி தபால் வழியில் ஏதோ ஒன்று. அது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"சைலன்ட்டா முடியுமாப்பா?" என்றாள்.

"கம்ப்யூட்டர்ல போட்டாச்சு. இனிமே எல்லாம் ஆன்லைன். யாருக்குத் தெரியப் போவுது?"

* * *

மறுநாள் காலையில் தெரிய ஆரம்பித்தது.

பக்கீர் முஹம்மதுவின் சாக்குக் கடையில் கலியமூர்த்தி டீ குடித்துக்கொண்டிருந்தார். பக்கீர் துபாயில் சம்பாதித்துத் திரும்பி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் உப்பு மூட்டைக்கான சாக்குகள் விற்பவர். இருபது வருஷச் சிநேகிதம். கலியமூர்த்தியை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. "ஏம்பா பி.ஏ." என்றுதான் கூப்பிடுவார்.

போன் அடித்தது. கிராம நிர்வாக அலுவலர், வி.ஏ.ஓ. விஜயலட்சுமி.

"சார், உங்க பொண்ணு அப்ளிகேஷன் வந்திருக்குது. உங்க படிப்பு பத்தி நேர்ல விசாரிக்கணும். நாளைக்கு வர்றேன்."

"சரிங்க மேடம்... சரிங்க மேடம்..."

போனை வைத்தவரைப் பக்கீர் உற்றுப் பார்த்தார். "யாருப்பா?"

"வி.ஏ.ஓ. மேடம். என் படிப்பு பத்தி விசாரிக்க வர்றாங்களாம்."

"எதுக்கு?"

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் வாய்க்காது. கடையில் வேறு ஆள் இல்லை. எதிரில் இருப்பவர் உயிர்ச் சிநேகிதர். கலியமூர்த்தி வாயைத் திறந்தார். உள்ளே முப்பது வருஷமாகக் குடியிருந்த பி.ஏ. முந்திக்கொண்டு பேசியது.

"கவர்மென்ட்ல ஏதோ கமிட்டியாம். உப்பு சம்பந்தமா. படிச்ச ஆளா தேடுறாங்க போல."

பக்கீர் எழுந்து நின்றுவிட்டார். "டெல்லியா?"

"டெல்லியோ, என்னாவோ..."

"மாஷா அல்லாஹ்! நம்ம பி.ஏ. டெல்லிக்குப் போறான்!"

"பாய், கத்தாத. யார்கிட்டயும் சொல்லிடாத."

"நீ கவலையே படாதப்பா. விசாரணைதானே? நான் பார்த்துக்கிறேன்."

யாரிடமும் சொல்லாதே என்று கேட்டுக்கொண்டதால், அன்று இருட்டுவதற்குள் மரக்காணம் முழுவதற்கும் தெரிந்துவிட்டது.

* * *

வி.ஏ.ஓ. விஜயலட்சுமி செஞ்சிப் பக்கத்திலிருந்து புதிதாக மாற்றலாகி வந்தவர். கேள்வி குறைவாகக் கேட்பார். போட்டோ நிறைய எடுப்பார்.

முதல் போட்டோ வாசல் கேட்டிலேயே கிடைத்தது. கறுப்புக் கிரானைட்டில் தங்க எழுத்து: க. கலியமூர்த்தி, பி.ஏ.

"இது நீங்கதானே?"

"அது... மேஸ்திரி ஆசையா வெச்சது மேடம்."

கிளிக்.

அம்மன் கோயில் டியூப் லைட்டில், உபயம் க. கலியமூர்த்தி பி.ஏ. குடும்பத்தார் என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்ததில் வெளிச்சம் வெளியே வர இடமே இல்லை. கிளிக். பஸ் ஸ்டாப் சிமென்ட் பெஞ்சின் முதுகில் பி.ஏ. கிளிக். உப்பள ஷெட்டில் எடை மெஷின் மேல் பி.ஏ. கிளிக்.

உப்பளத்தில் மழைக்குத் தப்பிய ஒரே உப்பு அம்பாரத்தின் மேல் தார்ப்பாய்க்குப் பதிலாகப் பழைய பிளெக்ஸ் ஒன்றைப் போர்த்தியிருந்தார்கள். சங்கீதாவின் மஞ்சள் நீராட்டு விழா பிளெக்ஸ். வெயிலில் வெளுத்து, சங்கீதா முகம் போய்விட்டது. வாழை மரம் போய்விட்டது. கும்பிட்டபடி நின்ற கலியமூர்த்தியின் முகமும் போய்விட்டது. பெயருக்குப் பின்னாலிருந்த இரண்டு எழுத்து மட்டும் கல்லு மாதிரி நின்றது.

விஜயலட்சுமி அதைக் கொஞ்சம் கிட்டே போய் எடுத்தார்.

பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த குப்பம்மாளைக் கூப்பிட்டார். "உங்க மொதலாளி என்னா படிச்சிருக்காரும்மா?"

குப்பம்மாள் பலகையைக் கீழே வைத்துவிட்டு முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். டெல்லி விஷயம் அவளுக்கும் வந்து சேர்ந்திருந்தது.

"பி.ஏ.ங்க. அதனாலதான் பாத்தில எறங்கவே மாட்டாரு. வரப்பு மேல நின்னு இங்கிலீஷ்லயே திட்டுவாரு."

"இங்கிலீஷ்ல என்னான்னு?"

"இடியட்டும்பாரு. அதுக்கு மேல நமக்குப் புரியாதுங்க."

கலியமூர்த்தி பின்னால் நின்றுகொண்டு, வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார். 'இன்னும் சொல்லவா?' என்பது போல அவள் தலையசைத்தாள்.

டீக்கடை குப்புசாமி இன்னும் ஒரு படி மேலே போனார். "பி.ஏ.வா? யாரு சொன்னது? எம்.ஏ.ங்க. அவருதான் அடக்கமா பி.ஏ.ன்னு போட்டுக்கிறாரு."

சாக்குக் கடை வாசலில் பக்கீர் வெள்ளைச் சட்டை போட்டு, அத்தர் பூசிக்கொண்டு தயாராக நின்றார். விஜயலட்சுமி கேட்பதற்கு முன்னாலேயே ஆரம்பித்துவிட்டார்.

"நான் கூடவே போயிருந்தேங்க மேடம். சென்னையில பட்டமளிப்பு விழா. கறுப்பு அங்கி போட்டு, தலையில சதுரமா ஒரு பலகையை வெச்சு, கவர்னர் கையால வாங்கினாரு. கவர்னரே கையைப் புடிச்சு, 'வெரிகுட் கலியமூர்த்தி'ன்னாரு. நான் அழுதுட்டேன்."

"பாய்..." என்று கலியமூர்த்தி முனகினார்.

"நீ சும்மா இருப்பா. நல்லத நாலு பேர் சொன்னாத்தான் தெரியும்." அல்லாவை மட்டும் ஜாக்கிரதையாகத் தவிர்த்துவிட்டு, பக்கீர் அடுக்கியிருந்த சாக்குகளின் மேல் கையை வைத்தார். "என் கடை மேல சத்தியமா மேடம். எழுதிக்குங்க."

விஜயலட்சுமி எழுதிக்கொண்டார்.

* * *

வி.ஏ.ஓ. ஆபீஸில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. மேஜையின் ஒரு பக்கம் விஜயலட்சுமி. எதிரில் கலியமூர்த்தியும் சங்கீதாவும்.

"அப்ளிகேஷன்ல பன்னெண்டாவதுன்னு இருக்குது. ஊரே பி.ஏ.ன்னு சொல்லுது. பொய்யா எழுதிக் கொடுத்தா கேஸ் ஆவும், தெரியுமில்ல?"

"அப்ளிகேஷன் நெஜம் மேடம்."

"அப்போ ஊர் பொய் சொல்லுதா?"

"ஊரும் பொய் சொல்லல மேடம். நான் சொன்னதத்தான் சொல்லுது."

"உங்க பிரெண்டு கவர்னரப் பார்த்தேங்கிறாரு."

"அவன் திண்டிவனத்தத் தாண்டினதே துபாய்க்குப் போவத்தான் மேடம்."

விஜயலட்சுமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி. நீங்க முடிக்கலன்னு ஒரு ஆதாரம் கொடுங்க. டி.சி. எங்க?"

"வாங்கல."

"போய் வாங்கிட்டு வாங்க. நாளைக்கு வியாழன். நாளான்னைக்கு மத்தியானம் வரைக்கும் பார்ப்பேன். அதுக்கு மேல ரிஜெக்ட்தான். என் மேல வருத்தப்படாதீங்க. டிகிரி இருக்கிறவங்கெல்லாம் இல்லேன்னு சொல்லிட்டு வர்ற காலம் இது."

தன்னை அந்தக் கூட்டத்தில் சேர்த்துவிட்டார்களே என்று கலியமூர்த்திக்கு ஒரு நொடி சந்தோஷமாகவே இருந்தது. சங்கீதா முழங்கையால் இடித்தாள்.

வியாழக்கிழமை காலையில் பழைய கல்லூரிக்குப் போய் நின்றார். ஆபீஸ் கிளார்க் சதீஷுக்கு வயது இருபத்தைந்து இருக்கலாம். கலியமூர்த்தி அரியர் வைத்த காலத்தில் பிறந்தே இருக்க மாட்டான்.

"அந்த வருஷ ரெக்கார்டு எல்லாம் போச்சுங்க சார். தானே புயல்ல அந்த ரூம் கூரையே பறந்துடுச்சு."

"அப்போ நான் பெயில்னு ஒரு லெட்டராச்சும் கொடுப்பா."

சதீஷ் பேனாவைக் கீழே வைத்தான். "சார், முடிச்சவங்களுக்குத்தான் சர்டிபிகேட். முடிக்காதவங்களுக்கெல்லாம் கொடுக்கணும்னா ஊர்ல பாதிப் பேருக்குக் கொடுக்கணும்."

"ஆறு பேப்பர் அரியர்பா. சத்தியமா."

"நம்பவே முடியல சார். பார்த்தா நல்லா படிச்சவர் மாதிரி இருக்கீங்க."

அந்த நிலைமையிலும் கலியமூர்த்தியின் நெஞ்சு அரை அங்குலம் நிமிர்ந்தது. "தேங்க்ஸ்பா" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு வெறுங்கையோடு வெளியே வந்தார்.

* * *

சாயந்திரம் உப்பள வரப்பில் சங்கீதா அவருக்காகக் காத்திருந்தாள். முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள்.

"கிடைக்கல. அப்படித்தானே?"

"புயல் தூக்கிட்டுப் போயிடுச்சாம்."

"அப்போ ஒரே ஒரு சாட்சிதான்பா மிச்சம். அம்மா."

"அவளுக்கே தெரியாதேம்மா. தெரியாதவ என்னா சாட்சி சொல்லுவா?"

"மேடம் முன்னாடி வெச்சு அம்மாகிட்ட நீங்க சொல்லுங்க. தெரிஞ்சதும் அம்மா என்னா பண்றாங்கன்னு மேடமே பார்க்கட்டும். அதவிடப் பெரிய ஆதாரம் வேணுமா?"

கலியமூர்த்தி புயல், வி.ஏ.ஓ., கேஸ் எல்லாவற்றையும் ஒரு பக்கம் வைத்து, பாக்கியலட்சுமியை மறுபக்கம் வைத்துப் பார்த்தார். மறுபக்கம்தான் தாழ்ந்தது.

"இன்னொரு வழி இருக்குதும்மா. அவசரம் ஒண்ணும் இல்ல. இந்த வருஷம் கரஸ்ல சேர்ந்துடு. பி.ஏ. படி. பி.ஏ.ன்னா என்னா மட்டமா?"



"படிக்கிறேன்பா. படிச்சு முடிச்சேன்னா நம்ம வீட்டுல மொத பி.ஏ. நான்தான். அப்போ ஊர்ல கேப்பாங்க. உங்க அப்பா எத்தனாவது பி.ஏ.ன்னு."

அவர் ஒரு உப்புக் கல்லைக் காலால் பாத்திக்குள் தள்ளினார்.

"கணக்குல நூறு வாங்கினேன்பா. அது நெஜம். மார்க் ஷீட்டு இருக்குது. உங்களோட பொய்க்காக என்னோட நெஜம் வீணாப் போவணுமா? நாளைக்குக் காலையில நான் அம்மாவக் கூட்டிட்டு வருவேன். நீங்க வரலன்னா நானே சொல்லுவேன்."

* * *

பாக்கியலட்சுமி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். புருஷனின் டெல்லி உத்தியோகத்துக்குச் சாட்சி சொல்லப் போகிறோம் என்கிற நினைப்பு. தலையில் மல்லிகைப்பூ. வி.ஏ.ஓ. ஆபீஸ் வாசலில் கலியமூர்த்தி, ஊசி போட வந்த குழந்தை மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

விஜயலட்சுமி நேராக விஷயத்துக்கு வந்தார். "உங்க வீட்டுக்காரர் என்னம்மா படிச்சிருக்காரு?"

"பி.ஏ. ஹிஸ்டரிங்க மேடம்." பாக்கியலட்சுமி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அதுக்காகத்தான் கட்டிக்கிட்டதே."

சங்கீதா அப்பாவைப் பார்த்தாள். "சொல்லுங்கப்பா."

கலியமூர்த்தி மேஜை மேலிருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்தார். கனமான கண்ணாடி. அதைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு வாயைத் திறந்தார்.

"பாக்கியம்... நான் பி.ஏ. இல்ல."

அவள் சிரித்தாள். "பார்த்தீங்களா மேடம்? எப்பவும் இப்படித்தான். ரொம்ப அடக்கம்."

"ரெண்டாவது வருஷமே நின்னுட்டேன். ஆறு பேப்பர் அரியர். எழுதவே இல்ல. நான் வெறும் பன்னெண்டாவது."

"கல்யாணப் பத்திரிகையில போட்டிருந்துச்சே?"

"அது தரகர் போட்டது."

"கேட்டுல?"

"அது... நான் போட்டது."

சிரிப்பு நின்றது.

"யோவ்!"

ஆபீஸ் வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது.

"இரும்பையில என்னைப் பொண்ணு கேட்டு கரண்ட் ஆபீஸ் லைன்மேன் வந்தான்யா! தங்கமான பையன்! வெறும் பன்னெண்டாவதுதானேன்னு வேணாம்னு சொன்னேன். பி.ஏ. மாப்பிள்ளைதான் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னேன். இன்னைக்கு அவன் திண்டிவனத்துல மாடி வீடு கட்டிட்டான். பென்ஷன் வரப் போவுது அவனுக்கு! ரெண்டுமே பன்னெண்டாவதுன்னு அன்னிக்கே தெரிஞ்சிருந்தா, பென்ஷன் வர்ற பன்னெண்டாவதைக் கட்டியிருக்க மாட்டேனா?"

"பாக்கியம், மேடம் இருக்காங்க..."

"இருக்கட்டும்! அவங்களும் கேக்கட்டும்! 'பத்தாவது பெயிலு, உனக்கென்னாடி தெரியும்'னு எத்தன தடவ கேட்டிருக்கே? டிவில நியூஸ் பார்க்கும்போது கேட்டே. பேங்க்ல எங்க அண்ணன் எதிர்ல கேட்டே. பொண்ணுக்கு நான் கணக்கு சொல்லிக் கொடுத்தப்போகூட கேட்டே. யோவ், நான் ஒரே ஒரு சப்ஜெக்ட்தான்யா பெயிலு! நீ ஆறு!"

கை நீண்டது. பேப்பர் வெயிட் எட்டவில்லை. மரஸ்கேல் எட்டியது. விஜயலட்சுமி அதை மெதுவாக அவள் கையிலிருந்து வாங்கி வைத்தார். "அது ஆபீஸ் பொருள்மா."

"படிச்ச மனுஷன்னு தனி டம்ளர் கொடுத்தேனே மேடம்! ஒரு நாள் ஒரு மூட்டைய நகர்த்த விட்டதில்ல. இவருக்குச் சோத்துல கல்லு இருந்தா, படிச்சவரு வாயில கல்லு போயிடுச்சேன்னு அழுதிருக்கேன் மேடம் நானு!"

பட்டுப்புடவைத் தலைப்பால் மூக்கைச் சிந்தினாள். மல்லிகைப்பூவைப் பிய்த்து மேஜையில் எறிந்தாள். மறுபடி ஆரம்பித்தாள். லைன்மேனின் பெயர், அவன் பெண் பார்க்க வந்த அன்று போட்டிருந்த சட்டையின் நிறம், அவன் பெண்டாட்டி போட்டிருக்கும் வளையல் எல்லாம் வரிசையாக வந்தன. இத்தனை விவரத்தை அவள் இத்தனை வருஷம் எங்கே வைத்திருந்தாள் என்று கலியமூர்த்தி திகைத்தார்.

விஜயலட்சுமி இதற்குள் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி, 'நேரடி விசாரணையில் உறுதி செய்யப்பட்டது. பரிந்துரைக்கப்படுகிறது' என்று தட்டி முடித்திருந்தார்.

"போதும்மா. எனக்குத் திருப்தி." அவர் குரலில் முதல் தடவையாகச் சிரிப்பு எட்டிப் பார்த்தது. "போலி டி.சி. பார்த்திருக்கேன். போலி சீலு பார்த்திருக்கேன். இந்தக் கோவத்தப் போலியா யாராலயும் போட முடியாது."

மேலதிகாரிகள் இருவருக்குப் போன் போட்டு, கடைசி நாள் என்று சொல்லி, இன்றைக்கே பார்த்துவிடும்படி கேட்டுக்கொண்டார். பிறகு கலியமூர்த்தியிடம் விரலை நீட்டினார். "சார், கேட்டுல இருக்கிற பி.ஏ. இன்னைக்கே போவணும். நாளைக்கு யாராச்சும் போட்டோ புடிச்சு மனு போட்டா, உங்க பொண்ணுக்குக் கொடுத்ததக் கேன்சல் பண்ணிடுவாங்க."

* * *

மூன்று மணி வெயிலில் கலியமூர்த்தி உளியும் சுத்தியலுமாக வாசல் கேட்டின் முன்னால் குந்தியிருந்தார். காசு வாங்கிக்கொண்டு செய்த வேலை, மேஸ்திரி ஆழமாகவே வெட்டியிருந்தார். பி போய்விட்டது. ஏ பிடிவாதம் பிடித்தது. கை கொப்பளித்தது. தண்ணீர் கேட்டார். உள்ளேயிருந்து பதில் இல்லை. மூடிய கதவுக்குப் பின்னால் பாக்கியலட்சுமி இரும்பையிலிருக்கும் அண்ணனுக்குப் போனில் விஷயத்தை மூன்றாவது தடவையாக, முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள்.

"வந்துடுச்சுப்பா!"

சங்கீதா போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். விண்ணப்பம் அங்கீகரிக்கப்பட்டது என்று எஸ்.எம்.எஸ். அங்கேயே சுவரில் சாய்ந்து நின்று, சான்றிதழை இறக்கி, கவுன்சலிங் தளத்தில் ஏற்றினாள். சின்ன வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. கலியமூர்த்தி சுத்தியலைத் தூக்கியபடி அப்படியே குந்தியிருந்தார். பச்சை டிக் விழுந்தது.

சங்கீதா உள்ளே போய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

அதற்குள் கேட்டைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. எல்லோரும் அவரையும் கல்லையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். கலியமூர்த்தி தலையைக் குனிந்துகொண்டார். சிரிப்பார்கள் என்று காத்திருந்தார். ஒருவரும் சிரிக்கவில்லை.

"என்னா மூளைப்பா!" என்றார் டீக்கடை குப்புசாமி, மெய்மறந்து. "கையில இருக்கிற டிகிரியவே இல்லாமப் பண்ணி, பொண்ணுக்கு பீஸ கட்ட வெச்சுட்டாரே! பி.ஏ. படிச்ச மூளைன்னா சும்மாவா?"

"குப்புசாமி, நான் படிக்கல. நெஜமாவே..."

குப்புசாமி பக்கத்தில் வந்து குந்தினார். "அண்ணே, என் பையனுக்கும் அடுத்த வருஷம் வேணும். என் பொண்டாட்டி டிகிரி முடிச்சிருக்கா. அத எப்படி எடுக்கிறது? நீங்கதான் ஒரு வழி சொல்லணும்."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு பக்கீர் முஹம்மது வந்தார். குனிந்து கலியமூர்த்தியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லப்பா? டெல்லி கமிட்டின்னு சொல்லிட்டே. விஷயம் தெரியாம நான் கவர்னர் வரைக்கும் இழுத்துட்டேன். வி.ஏ.ஓ. ஆபீஸ்ல பாக்கியம் நடிச்சாங்களாமே, சாட்சிக்கு? ரோடு வரைக்கும் கேட்டுச்சாம். என்னா நடிப்பு!"

"நடிப்பு இல்ல பாய்." கலியமூர்த்தி உளியைக் கீழே போட்டார். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக ஊருக்கே கேட்கும்படி சொன்னார். "நான் பி.ஏ. முடிக்கல. சத்தியமா முடிக்கல. ஆறு பேப்பர்ல பெயிலு. நான் வெறும் பன்னெண்டாவது."

பக்கீர் சட்டென்று அவர் வாயைப் பொத்தினார். தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, காதருகே குனிந்தார்.

"பிரமாதம்பா பி.ஏ. அப்படியே மெயின்டெயின் பண்ணு. பொண்ணு நாலு வருஷம் முடிக்கிற வரைக்கும்."